இஞ்சின் வீரய்யாவும் குவைத் ரிமோட்டும்

எங்கள் தோட்டத்துக்கு மெஷின் என்று எது வந்தாலும் அதை முதலில் கெடுக்கும் உரிமை வீரய்யாவுக்குத்தான். அந்த உரிமையை அவருக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டராக வந்தபோதே அது அவர் கையில் இருந்தது. ஸ்பிரிங்வெளிக்கு மேலே, பஸ் ஏறாத மலையில், தொழிலாளர் வீட்டு வரிசைகளாக நாலு லயமும் ஒரு தொழிற்சாலையும் ஒரு மாரியம்மன் கோயிலும் உள்ள இடம் எங்களுடையது. தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து அரைக்கிற ரோலருக்கு எண்ணெய் விடுவது வீரய்யாவின் வேலை. ரோலர் பழுதானால் பதுளையிலிருந்து மெக்கானிக் வருவார், வீரய்யா பக்கத்தில் நின்று டோர்ச் பிடிப்பார். இருபத்திரண்டு வருஷம் டோர்ச் பிடித்ததில் அவருக்கு 'இஞ்சின் வீரய்யா' என்று பெயர் வந்துவிட்டது.

தொண்ணூற்றிரண்டில் இரண்டாம் லயத்துக்கு முதல் கலர் டிவி வந்தது. வீரய்யா கூரைமேல் ஏறி மூன்று நாள் அன்டெனாவைத் திருப்பினார். படம் வரவில்லை, கூரைத் தகரத்தில் ஓட்டை மட்டும் விழுந்தது. இறங்கி வந்து, "கரண்டு பத்தல" என்றார். பிறகு துரை பங்களாவில் கழித்துக்கட்டிய துணி துவைக்கும் மெஷின் ஒன்று, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தது. அதற்குத் தண்ணீர்க் குழாய் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. உள்ளே துணி காய்ந்துகொண்டே சுற்றியது, அதற்கும் கரண்டு பத்தவில்லை. ஒரு பெட்டரியில் ஓடுகிற பள்ளிக்கூடச் சுவர்க் கடிகாரம் நின்றபோதும் அதையேதான் சொன்னார். நானும் தலையாட்டினேன். படித்த மாஸ்டரே தலையாட்டினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்.

இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் குவைத்திலிருந்து ரெங்கம்மா திரும்பி வந்தாள். மூன்றாம் லயத்துக் கணபதியின் மனைவி. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், நாலு வருஷத்துக்கு முன் ஒரு வீட்டு வேலைக்கென்று போனாள். போகும்போது மாரியம்மனிடம் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். உடம்புக்கு ஒன்றும் வராமல் திரும்பினால் கோயிலுக்கு ஸ்பீக்கர் செட் வாங்கித் தருவதாக. சொன்னபடியே, அந்த வீட்டு மேடம் வைத்திருந்ததைப் போலவே ஒரு அம்ப்ளிஃபயர், நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மைக், ஒரு ரிமோட், எல்லாம் அட்டைப் பெட்டி பிரிக்காமல் கொண்டு வந்து இறக்கினாள். கோயில் கமிட்டிச் செயலாளர் நான். ஒப்படைக்கும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், திருவிழா அன்னிக்கு உபயகாரவங்க பேரு வாசிப்பீங்கல்ல. அதுல எம் பேரச் சொல்லிருங்க. கணபதி குடும்பம்னு வேணாம். ரெங்கம்மான்னு சொல்லணும்."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு" என்றேன்.

"இல்ல சார், நெசமாத்தான் கேக்குறேன். இங்க இருந்தப்ப காலையில பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கயில நம்பர்தான் கூப்பிடுவாங்க. அங்க போனா மேடத்துக்கு எம் பேரு வாயில நொழையலன்னு மேரின்னு வச்சுட்டாங்க. நாலு வருஷமா மேரி, மேரின்னு. ஒரு தடவ எம் பேரு மைக்குல வந்து இந்த மல பூரா கேக்கணும்னு ஆச சார்."

அவள் போன பிறகு நான் உட்கார்ந்து உபயப் பட்டியல் எழுதினேன். 'ஒலிபெருக்கி உபயம்: திரு. கணபதி குடும்பத்தினர்.' கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எல்லா உபயமும் அப்படித்தான் இருந்தது, அதனால் கை தானாக எழுதிவிட்டது. அந்த நாலு வருஷமும் கணபதி செய்த ஒரே காரியம் மாதம் ஒரு தரம் பதுளை பேங்க்குக்குப் போய் வந்ததுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

செட் வந்த அன்றே பூசாரியைக் கூப்பிட்டுப் பூஜை போட்டோம். புது மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் சுவிட்ச் போட மாட்டார்கள். அம்ப்ளிஃபயருக்கு மூன்று பொட்டு, ஸ்பீக்கருக்கு ஆளுக்கொன்று, மைக்குக்கு ஒன்று. பூசாரி கையைத் துடைக்கும்போது வீரய்யா ரிமோட்டை நீட்டினார்.

"சாமி, மூளையே இதுலதான் இருக்கு. இதுக்கும் ஒன்னு வைங்க."

பூசாரி ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தார். நெற்றி மாதிரி ஓர் இடம் வேண்டும் அவருக்கு. மேலே நடுவில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொத்தான் தனியாக இருந்தது. அதன்மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார். வீரய்யா பொட்டு கலையாமல் அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. குளிக்க மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போகும்போதுகூடச் சட்டையைக் கண்ணில் படும் இடத்தில் தொங்கவிட்டுத்தான் குளித்தார்.

ஒவ்வொரு வருஷமும் ஹாலிஎலயிலிருந்து வாடகைக்கு ஸ்பீக்கர் கொண்டு வருகிறவரை இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சொன்னதும் நான்தான், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவரும் வேறு தோட்டத்துத் திருவிழாவை ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

திருவிழா அன்று காலையில் செட் போட்டோம். கேசட் போட்டால் பாட்டு அருமையாக வந்தது. வீரய்யா இடுப்பில் கைவைத்து நின்றார். அன்னதானத்துக்கு முன்னால் உபயம் வாசிக்க வேண்டும், அதற்கு மைக் வேண்டும். மைக்கை அம்ப்ளிஃபயரின் முன்பக்கத்து ஓட்டையில் சொருகி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். அவர் குரல் அவர் வாய்க்கு வெளியே ஓர் அடிகூடப் போகவில்லை. மைக்கை உதறி, ஊதி, தொடையில் தட்டி, மறுபடி ஹலோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சார், புஸ்தகத்தப் பாருங்க" என்றார்.

புத்தகம் முக்கால்வாசி அரபு, கால்வாசி இங்கிலீஷ். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். வெளியே நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன். விஷயம் எளிதுதான். மைக்கைத் திறக்க முதலில் ஷிஃப்ட் பொத்தானை அழுத்த வேண்டும், பிறகு ஏழாம் நம்பர். பொலித்தீனுக்குள் ரிமோட்டைப் பார்த்தேன். பொத்தான்களின் மேலே வெள்ளையில் எண்கள், அவற்றுக்கு மேலே பொடி எழுத்தில் நீலமாகவும் ஏதேதோ சொற்கள். ஏழுக்கு மேலே நீலத்தில் 'மைக்' என்று இங்கிலீஷில் தெளிவாக இருந்தது. ஆனால் ஷிஃப்ட் என்று ஒரு பொத்தான் எங்கேயும் இல்லை. மேலிருந்து கீழாக இரண்டு தரம் படித்தேன்.

"ஷிஃப்ட் இல்லையே வீரய்யா."

"அது குவைத்து கரண்டுக்கு உள்ள பொத்தான் சார். நம்ம நாட்டுக்கு அனுப்பயில எடுத்துருவாங்க. ஏழ அமுக்கினாப் போதும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வீரய்யா ரிமோட்டை அம்ப்ளிஃபயருக்கு நேரே நீட்டி, கண்ணை மூடி, ஏழாம் பொத்தானை அமுக்கினார். கேசட் நின்றது. ரேடியோ திறந்துகொண்டது. இரண்டு ஸ்பீக்கரும் கோயில் அதிர ஆரம்பித்தன.

"...இணுவிலைப் பிறப்பிடமாகவும் பண்டாரவளையை வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் சிதம்பரநாதன் காலமானார். அன்னார் யோகமலரின் அன்புக் கணவரும், கஜரூபன், சிவரூபி ஆகியோரின் பாசமிகு தந்தையும்..."

மரண அறிவித்தல். அம்மனுக்கு எதிரே, கரகம் ஜோடித்து வைத்திருக்கிற பந்தலில். பூசாரி மணியை அடித்து அதை அமுக்கப் பார்த்தார். முதலாம் லயத்தில் படுத்திருந்த ஒரு தாத்தா, தோட்டத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். சிதம்பரநாதனின் இறுதிக் கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானத்தில் என்பது வரைக்கும் மலைமுழுக்கக் கேட்டது.

"ரேடியோ எவ்வளவு சுத்தமா எடுக்குது பாத்தீங்களா" என்றார் வீரய்யா.

பெண்கள் பக்கத்தில் ரெங்கம்மா நின்றிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. "செத்தவரு வீட்டம்மா பேருகூட எஞ் செட்டுல வந்துருச்சு சார்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு மணிநேரம் வீரய்யா ஆராய்ச்சி செய்தார். பொட்டு கலையாமல் பொலித்தீனின் அடிப்பக்கத்தை மட்டும் பிரித்து, பெட்டரியைக் கழற்றிக் கட்டியிருந்த சாரத்தில் தேய்த்தார். பல்லால் கடித்தார். வெயிலில் காய வைத்தார், அந்த நேரம் பார்த்து மேகம் மூடியது. ஏழையும் எட்டையும் இரண்டு கட்டைவிரலால் சேர்த்து அமுக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் ஒரு புது ரேடியோ வந்தது. ஒன்றில் சிங்களத்தில் வானிலை, ஒன்றில் கிரிக்கெட். பிள்ளைகள் கிரிக்கெட்டை மாற்ற வேண்டாம் என்று கத்தினார்கள். அன்னதானத்துக்கு உட்கார்ந்தவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உபயம் வாசிக்காமல் சோறு போடுகிற வழக்கம் கிடையாது. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

ஒருமுறை ரெங்கம்மா கிட்டே வந்து, "அண்ணே, அதுல நீலமா ஒன்னு இருக்கும்" என்று ஆரம்பித்தாள்.

"நீ போம்மா. பாயசம் அடிபிடிக்கிற மாதிரி இருக்கு, அதப் பாரு" என்றார் வீரய்யா. கணபதியும் புது வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, "போ, போ" என்று தலையை ஆட்டினான். கொண்டு வந்தவள் அவள் என்பது பந்தலில் அத்தனை பேருக்கும் தெரியும். அதே மாதிரி மெஷினை நாலு வருஷம் கையாண்டவள் அவள் ஒருத்திதான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கமிட்டியில் ஒன்பது ஆண்கள் இருந்தோம், ஒன்பது பேரும் வீரய்யாவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் வீரய்யா ரிமோட்டை நெற்றியில் ஒற்றிவிட்டு, என்னிடம் மெதுவாக, "கரண்டு பத்தல சார். மைக்க விட்ருவோம். பேரு வாசிக்காட்டிப் பரவால்ல" என்றார். ரெங்கம்மா அதைக் கேட்டுவிட்டாள்.

அவள் பாயசக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு நேராகப் பந்தலுக்குள் வந்தாள். வீரய்யா சுதாரிப்பதற்குள் ரிமோட் அவள் கையில் இருந்தது. டேப்பைப் பல்லால் கிழித்து, பொலித்தீனை உரித்துக் கீழே போட்டாள். முந்தானையை எடுத்தபோதுதான் அவள் என்ன செய்யப் போகிறாள் என்று வீரய்யாவுக்குப் புரிந்தது.

"ஏய், அம்மனுக்கு வச்ச பொட்டு. அழிச்சிறாத."

"அம்மனுக்கு வச்சது அம்மன் நெத்தியில இருக்கு அண்ணே. இது ரிமோட்டு."

நன்றாகக் காய்ந்திருந்த சந்தனத்தை எச்சில் தொட்டுத் துடைத்தாள். உள்ளேயிருந்து ஒரு நீலப் பொத்தான் வந்தது. அதன்மேல் பொடி எழுத்தில், ஒரு மாஸ்டர் வாசிக்கக்கூடிய தெளிவான இங்கிலீஷில், ஷிஃப்ட் என்று இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

"இத அமுக்கணும். அமுக்கிட்டு விட்ரணும். விட்டுட்டு ஏழு. ரெண்டையும் சேத்து அமுக்குனா அதுக்குப் புரியாது" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினாள். கிரிக்கெட் நின்றது. வீரய்யா கையில் தொங்கிக்கொண்டிருந்த மைக்கிலிருந்து அவருடைய மூச்சு வாங்கும் சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அங்கே மேடத்தின் மாமியார் படுத்த படுக்கை. ரேடியோவில் தும் தும் என்ற சத்தம் கிழவிக்கு ஆகாது, அதைக் குறைக்கச் சொல்லித் திட்டுவாளாம். மூன்று நாள் திட்டு வாங்கியும் ரெங்கம்மாவுக்குப் பிடிபடவில்லை. நாலாம் நாள் ரிமோட்டைத் தூசி துடைக்கும்போது பார்த்திருக்கிறாள், சில எழுத்து வெள்ளை, சில எழுத்து நீலம், பொத்தான்களில் ஒன்று மட்டும் நீலம்.

"எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே சார். அதான் நெறத்தப் பாத்தேன். நீலத்துக்கு நீலம்னு வச்சுப் பாத்தேன், சரியா இருந்துச்சு."

எனக்கு எழுத்துத் தெரியும். அதனால் நான் நிறத்தைப் பார்க்கவில்லை.

மைக் உயிர் பெற்றதும் வீரய்யாவுக்கும் உயிர் வந்துவிட்டது. பட்டியலை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார். எத்தனையோ சிரமத்துக்கு மத்தியில், இந்த ஒலிபெருக்கியை ஆராய்ந்து, இயங்க வைத்திருப்பது அடியேன் வீரய்யா என்று ஆரம்பித்து, ரோலருக்கு எண்ணெய் விட்ட இருபத்திரண்டு வருஷத்தையும் சொல்லி முடித்தார். ரெங்கம்மா தடுக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டி ஓரமாக, ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பெயருக்காகக் காத்திருந்தாள். பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

"ஒலிபெருக்கி உபயம், திரு. கணபதி குடும்ப..."

மைக் செத்துப்போனது. வீரய்யாவின் வாய் மட்டும் அசைந்தது. மைக்கைத் தட்டினார், ஊதினார், வயரைப் பார்த்தார். பழக்கத்தில் என்னிடம் திரும்பி, "கரண்டு பத்தல" என்றார்.

"கரண்டெல்லாம் பத்துது அண்ணே" என்றாள் ரெங்கம்மா. அவள் கட்டைவிரல் நீலத்தை அமுக்கிவிட்டு ஏழின் மேல் வந்து நின்றிருந்தது. "பேருதான் பத்தல."

கணபதி எழுந்து, "என்ன புள்ள இது, சபையில" என்று சொல்லிப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "சொல்லிட்டாப் போச்சுன்னீங்களே சார்."

நான் போய்ப் பேனாவை எடுத்துத் திருத்தினேன். அவள் நீலத்தை அமுக்கி விட்டு, ஏழை அமுக்கினாள். வீரய்யா வாசித்தார். "ஒலிபெருக்கி உபயம், ரெங்கம்மா." அது கோயிலைத் தாண்டி, லயங்களைத் தாண்டி, கொழுந்து மலை ஏறி எதிர்ப்பக்கத்தில் மோதித் திரும்பி வந்தது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவள் கொஞ்சமும் முயலவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணே. பீலியில பாத்திரம் கழுவுறவங்களுக்குக் கேட்டிருக்காது."

வீரய்யா இன்னொரு தடவை சொன்னார். வேறு வழி இல்லை.

ரிமோட்டை இனித் தந்துவிடுவாள் என்று நினைத்தோம். அவள் தரவில்லை. அடுத்தது விளக்குக்கு எண்ணெய் உபயம், கங்காணி குடும்பத்தினர். மைக் செத்தது. "எண்ணெ வாங்கினது பெரியாயி அக்கா. மழையில எடுத்த கொழுந்துக் காசு" என்றாள் ரெங்கம்மா. அடுப்படியிலிருந்து பெரியாயி எட்டிப் பார்த்தாள், கங்காணி தரையைப் பார்த்தார். நான் திருத்தினேன். அரிசி உபயம் செத்தது, திருத்தினேன். தேங்காய் உபயத்தில் சாகவில்லை, அது உண்மையிலேயே பட்டியலில் பெயர் உள்ளவர் வாங்கியதுதான். பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு ஒவ்வொரு பெயருக்கும் அவர்களே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சோறு ஆறியதைப் பற்றி ஒருவரும் முறையிடவில்லை.

பட்டியலில் கடைசி வரி எனக்கு ஞாபகமே இல்லை. வீரய்யா வாசிக்கும்போதுதான் தெரிந்தது.

"அம்மனுக்கு மாலை உபயம், ஆசிரியர் திரு. சதீஸ்குமார் அவர்கள்."

மைக் செத்தது.

எனக்குக் கோபம் வந்தது. செயலாளரின் பெயரைப் போய் அமுக்குவாளா என்று வந்தது. என் மனைவி விஜயலெட்சுமி இரண்டு நாளாக வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து மூன்று மாலை கட்டியிருந்தாள். பூ வாங்கியதும் அவள் பிள்ளைக் காம்பராச் சம்பளத்தில்தான். முந்தின நாள் நார் அறுத்த விரலைக் காட்டியபோது நான் பேப்பர் வாசித்துக்கொண்டே, மஞ்சள் வை என்று சொன்னேன். ரெங்கம்மா ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பெண்களும் இந்த ஒரு பெயருக்குப் பதில் சொல்லவில்லை, மாஸ்டருக்குக் கொடுக்கிற மரியாதை அது. நான் என் பெயரைக் கோடு கிழித்து அடித்துவிட்டு என் மனைவி பெயரை எழுதிக் கொடுத்தேன். வீரய்யா அதை வாசிக்கும்போது விஜயலெட்சுமி தலை நிமிரவில்லை.

எல்லாம் முடிந்து இலையில் சோறு விழுந்தது. நான் சாப்பிட உட்காரும்போது பார்த்தேன், விஜயலெட்சுமி ரெங்கம்மாவிடம் போய் நின்றிருந்தாள். ரிமோட்டை வாங்கி, கட்டுப் போட்ட விரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நீலந்தானேக்கா மொதல்ல?"

"ஆமா. அமுக்கிட்டு விட்ரணும்" என்றாள் ரெங்கம்மா.